மூன்று புள்ளி ஆறு பேர்

திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்கு, ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அரசாங்கம் வந்தது. வரும்போது கையில் ஒரு மடக்கு நாற்காலியையும் கொண்டுவந்தது.

"வாழ்த்துகள் மேடம்," என்றார் நாற்காலியோடு வந்தவர். ஒல்லியான ஆள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. "எண்பது லட்சம் வீட்டைக் குலுக்கிப் போட்டு உங்க வீட்டைத்தான் எடுத்திருக்காங்க. இன்னிலேருந்து நீங்கதான் சராசரிக் குடும்பம்."

தையல்காரி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள்.

"பரிசு ஏதாவது உண்டா சார்?"

"இல்ல மேடம். சராசரிக் குடும்பத்துக்கு யாரும் பரிசு தர்றதில்ல."

விஷயம் இதுதான். ஆலைப் புகையைக் குறைக்க ஒரு சட்டம் வேண்டும் என்பதில் சட்டசபையில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. புகை விடுகிற ஆலை, விடுகிற புகைக்குப் பணம் கட்ட வேண்டும். ஆலை அந்தப் பணத்தை மக்கள் தலையில் கட்டும். அது எவ்வளவு ஏறலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதில்தான் சண்டை. அதற்காகச் செலவுக் கட்டுப்பாட்டுத் துணைக்குழு என்று ஒன்று போட்டார்கள். குழு போட்ட அன்றே அது இரண்டாக உடைந்தது. மக்கள் தாங்க மாட்டார்கள் என்றது ஒரு பாதி. தாங்குவார்கள் என்றது மறுபாதி. முதல் பாதிக்குத் தலைமை, ஐந்து சிமென்ட் ஆலைகளுக்குச் சொந்தக்காரரான ஓர் உறுப்பினர். இரண்டாவது பாதிக்குத் தலைமை, போகிற இடமெல்லாம் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் ஓர் உறுப்பினர். ஊரில் அவர்களை சிமென்ட்டார், மரக்கன்றார் என்றே சொன்னார்கள்.

பதினொரு மாதம் கூடிப் பேசியும் முடிவு வரவில்லை. கடைசியில் ஒருநாள் மதியம், சாப்பாடு ஆறிக்கொண்டிருந்த நேரத்தில், பசி தாங்காத ஓர் உறுப்பினர் சொன்னார்: "ஏதாவது ஒரு வீட்டுல போய் உக்காந்து பாத்துட்டு வாங்களேன்." அது ஒருமனதாக நிறைவேறியது. இரண்டு வருஷம் சட்டத்தைச் சோதனையாக நடத்திப் பார்ப்பது, சராசரிக் குடும்பத்தின் மின்சார, எரிவாயுச் செலவு அதற்குள் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் ஏறினால் சட்டத்தைக் கைவிடுவது, ஏறாவிட்டால் நிரந்தரமாக்குவது என்று முடிவானது.

அப்படி உட்கார்ந்து பார்க்க அனுப்பப்பட்டவர்தான் இந்த அதிகாரி.

"வீட்டுல எத்தனை பேர் மேடம்?"

"நாலு பேர். நான், எங்க வீட்டுக்காரர், பொண்ணு, என் நாத்தனார்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "சராசரிக் குடும்பம்னா மூணு புள்ளி ஆறு பேர் மேடம்."

"அப்ப வேற வீடு பாருங்க."

"குலுக்கல் முடிஞ்சு போச்சு. இனிமே வீட்டை மாத்த முடியாது. ஆளைத்தான் மாத்தணும்."

யாரைக் குறைப்பது என்று அன்று மாலை பேச்சு நடந்தது. தையல்காரியின் கணவர் பஸ் டிரைவர். அவரைக் குறைத்தால் குடும்பத் தலைவர் பின்னமாகிவிடுவார் என்று அதிகாரி கொண்டுவந்த கையேடு தடுத்தது. பதிமூன்று வயதுப் பெண்ணைக் குறைத்தால் குழந்தைகள் நலத் துறை கேள்வி கேட்கும். தையல்காரி இல்லாவிட்டால் வீட்டில் ஒன்றுமே நடக்காது. மிச்சமிருந்தது நாத்தனார்.

நாத்தனார் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

"நாள் முழுக்க நின்னு சம்பாதிச்சு இந்த வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டறேன். என்னைப் போய்ப் புள்ளி ஆறுன்னு சொல்றீங்களே, எந்தப் பக்கத்தை வெளிய விட்டுட்டு வரணும்?"

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் அதிகாரி. "புள்ளி ஆறை முழு எண்ணாக்கினா ஒண்ணுதான் வரும். எங்க ஆபீஸ்ல பல பேருக்கு அந்த வசதி கிடையாது."

மாதத்தில் பன்னிரண்டு நாள் அவள் வீட்டில் இருக்கக் கூடாது என்று தீர்ப்பானது. முதல் மாதம் தோழி வீட்டில் தங்கினாள். இரண்டாவது மாதம் தோழிக்கு முகம் மாறியதால் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் எடுத்தாள். கட்டில் வாடகையை யார் தருவார்கள் என்று டிரைவர் கேட்டார். அது எரிசக்திச் செலவு இல்லை என்பதால் குழுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பதில் வந்தது.

அதிகாரி சமையலறையில், அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவில், மடக்கு நாற்காலியை விரித்து, செலவை அளக்கும் கருவியைப் பிளக்கில் சொருகிவிட்டு உட்கார்ந்தார். தினம் ஒன்பது மணிக்கு வருவார், ஐந்து மணிக்குப் போவார். நாத்தனார் அவருக்கு நாற்காலி என்றே பேர் வைத்தாள். இரண்டு நாள் அவர் வேர்த்து வடிந்துகொண்டு எழுதியதைப் பார்த்த தையல்காரி, மூன்றாம் நாள் மேசை ஃபேனைக் கொண்டுபோய் அவர் பக்கம் திருப்பி வைத்தாள். வீட்டுக்கு வந்த மனுஷன். காலையும் மாலையும் டீயும் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குடித்தார்.

விஷயம் வெளியே தெரிந்ததும் விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள். சிமென்ட்டார் அனுப்பிய ஆட்கள் ஒரு லாரியில், ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு சாண் உயரமான ஒரு ஃபிரிட்ஜைக் கொண்டுவந்து இறக்கினார்கள். "சும்மா வெச்சுக்குங்கம்மா. ராத்திரி பகலா ஓடட்டும். உங்களுக்காக இல்ல, ஜனநாயகத்துக்காக." மறுநாள் மரக்கன்றார் தானே வந்தார். ஒரு பெட்டி மெழுகுவத்தி கொடுத்தார். "ரெண்டே ரெண்டு வருஷம்தான் தாயி. பச்சைத் தண்ணியில குளிங்க. ஆறுனதைச் சாப்பிடுங்க. பூமிக்காக."

"நீங்களும் அப்படித்தான் இருக்கீங்களா ஐயா?" என்று தையல்காரி நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"நான் சராசரி இல்லையேம்மா," என்றார் அவர் வருத்தத்தோடு.

இரண்டு பரிசும் செல்லாது என்று நாற்காலி எழுதினார். மெழுகுவத்தியைத் திருப்பி அனுப்ப முடிந்தது. ஃபிரிட்ஜைத் திருப்பி அனுப்பக் கையேட்டில் விதி இல்லாததால் அது கதவை மறைத்துக்கொண்டு நடையிலேயே நின்றது. மின்சாரம் கொடுக்கக் கூடாது என்பதால் நாத்தனார் அதில் செருப்பு வைத்துக்கொண்டாள்.

தையல்காரிக்குச் சட்டத்தின் மேல் கோபம் எதுவும் இல்லை. சிமென்ட் ஆலை ஒன்று அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. வெள்ளைத் துணியை வெட்டி மேசையில் போட்டுவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், துணி சாம்பல் நிறமாகியிருக்கும். உதறி உதறித்தான் தைப்பாள். புகை குறைந்தால் சரி என்று அவளும் நினைத்தாள். ஆனால் அவளிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

அவள் இயல்பிலேயே சிக்கனக்காரி. இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி, கடைசி மூன்று மடிப்பு இருக்கும்போதே அணைத்துவிட்டு, இருக்கிற சூட்டில் தேய்த்து முடித்துவிடுவாள். நாற்காலி இதைப் பார்த்துவிட்டார்.

"மேடம், இப்படிப் பண்ணக் கூடாது. சராசரிக்குக் கீழ போயிடுவீங்க."

"கீழ போனா நல்லதுதானே?"

"உங்களுக்கு நல்லது. கணக்குக்கு இல்ல."

சூடாகவே தேய்த்தாள். ஐந்தாவது மாதம், அவள் வாழ்க்கையிலேயே பெரிய வேலை ஒன்று வந்தது. ஒரு ஹோட்டலின் நாற்பது அறைகளுக்குத் திரைச்சீலை. பெண்ணின் மேல்படிப்புக்கு ஆகும் என்று டிரைவர் மனக்கணக்குப் போட்டார். நாற்காலியும் ஒரு கணக்குப் போட்டு மேலே அனுப்பினார். நாற்பது அறைத் திரைச்சீலைக்கு ஓடும் இஸ்திரிப்பெட்டி சராசரி அல்ல என்று நான்காம் நாள் உத்தரவு வந்தது. தவிரவும், அந்த ஹோட்டல் முதலாளி சிமென்ட்டாரின் சம்பந்தி என்று மரக்கன்றார் தரப்பு புகார் கொடுத்திருந்தது. வேலை ரத்து.

"நஷ்ட ஈடாவது குடுப்பாங்களா?" என்று தையல்காரி கேட்டாள். துணிக்கு அளவெடுக்க அவள் வாங்கிய புது நாடா இன்னும் பிரிக்காமல் கையில் இருந்தது.

"குடுத்தா உங்க வருமானம் சராசரியைத் தாண்டிடும் மேடம்," என்றார் நாற்காலி. சொல்லிவிட்டு, அன்று அவர் டீ குடிக்கவில்லை.

எட்டாவது மாதத்தில்தான் அது நடந்தது. தையல்காரிக்குக் கொஞ்ச நாளாகவே மயக்கம். வயசு முப்பத்தொன்பது ஆகிறதே, ரத்தம் குறைந்திருக்கும் என்று நினைத்து டாக்டரம்மாவிடம் போனாள். திரும்பி வந்தபோது டிரைவர் சமையலறையில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ரத்தம் எல்லாம் நல்லாத்தான் இருக்காம்."

"அப்புறம் என்னவாம்?"

"ரெண்டு மாசமாம்."

டிரைவர் குழாயை மூட மறந்து நின்றார். பிறகு மெதுவாக, பெரிய பஸ்ஸைத் திருப்புவது போல, அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. தையல்காரி கை நீட்டிக் குழாயை மூடினாள். அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவில் பேனா கீறும் சத்தம் நின்றுபோனதை அப்போதுதான் கவனித்தார்கள்.

"நான் கேக்கல மேடம்," என்றார் நாற்காலி. ஒரு நிமிஷம் கழித்து, "ஆனா கேட்டுட்டேன்," என்றார்.

"எழுதாம இருக்க முடியாதா தம்பி?" அவள் அவரைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"எழுதலைன்னாலும் இன்னும் மூணு மாசத்துல பாக்கறவங்களுக்கே தெரிஞ்சுடும் மேடம்." ஆனாலும் அவர் திங்கட்கிழமை எழுத வேண்டியதை வியாழக்கிழமைதான் எழுதினார். அவருடைய பணிக்காலத்தில் அது முதல் தாமதம்.

பத்தாவது மாதம் குழு கூடியது. பொருள் எண் ஏழு: 'சராசரிக் குடும்பத்தில் எதிர்பார்க்கப்படும் கூடுதல்.' தையல்காரியையும் வரச் சொன்னார்கள். நாத்தனாரும் கூடவே போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தாள். வெயில் கொளுத்தும் மதியத்தில் அந்த அறை பனிக்கட்டியாக இருந்தது. உறுப்பினர்கள் எல்லோரும் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார்கள். சாட்சிகளுக்கென்று வைத்திருந்த போர்வையில் ஒன்றை ஓர் உதவியாளர் கொண்டுவந்து தையல்காரிக்குப் போர்த்தினார்.

முதலில் சிமென்ட்டார் எழுந்தார்.

"தாய்மையை வணங்குகிறேன். பிறக்கப்போகிற குழந்தைக்கு வெந்நீர் வேண்டும், விளக்கு வேண்டும். இந்தச் சட்டம் ஒரு தாயின் வெந்நீர்ப் பானையில் கை வைக்கிறது. இதில் எனக்கு எந்தச் சுயநலமும் இல்லை. என்னுடைய ஐந்து ஆலைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆறாவது ஆலையைப் பற்றியும் பேச மாட்டேன், அது இன்னும் கட்டி முடியவில்லை."

அடுத்து மரக்கன்றார். அவர் குரல் தழுதழுத்தது.

"வருங்காலச் சந்ததிக்காகத்தான் இந்தச் சட்டம். அந்தச் சந்ததிக்காக நான் உயிரையும் கொடுப்பேன். ஆகவே, அந்தச் சந்ததியைச் சேர்ந்தவர்கள் சட்டம் நிறைவேறும் வரை வராமல் இருந்தால் பெரிய உதவியாக இருக்கும் என்று மட்டும் தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன்."

பிறகு பொருளாதார நிபுணர் ஒருவர் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். இனிமேல் பிறக்கப்போகிற மனிதனை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர, வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்து கழிக்க வேண்டுமாம். அந்தக் கணக்குப்படி இந்தக் குழந்தை கிட்டத்தட்ட முழு ஆள்தான். ஆனால் எண்பது வருஷம் கழித்து உயிரோடு இருக்கப்போகிறவர்கள் ஐம்பது பேரைச் சேர்த்தால்தான் இன்றைக்கு ஓர் ஆள் தேறும்.

"அப்ப அவங்களைப் பத்தி ரொம்பக் கவலைப்பட வேண்டாம்?" என்று குழுவின் தலைவர் கேட்டார்.

"ஐம்பதில் ஒரு பங்கு கவலைப்படலாம்," என்றார் நிபுணர்.

தலைவர் நல்ல மனிதர். எந்தப் பக்கமும் சாயாதவர். இரண்டு பக்கமும் தலையாட்டியே கழுத்து வலி வந்தவர். அவர் தையல்காரியைப் பார்த்துக் கனிவாகச் சொன்னார்: "பிரசவம் சட்டவிரோதம்னு யாரும் சொல்லலம்மா. பிறந்ததும் வீட்டுல ஒரு முழு ஆளைக் குறைச்சுட்டா கணக்கு சரியாயிடும். யாரைங்கறதை நீங்களே கலந்து பேசி முடிவு பண்ணலாம். அதுல குழு தலையிடாது."

தையல்காரி போர்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். பதினைந்து வருஷமாகத் துணியை வெட்டித் தைப்பவள் அவள். இங்கே மனுஷங்களை வெட்டித் தைக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. பயமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

அப்போது செயலாளர் எழுந்து அதுவரையான கணக்கைப் படித்தார். குழந்தை பிறப்பதற்கு முன்பே செலவு நூற்றுக்கு இரண்டு புள்ளி மூன்று ஏறியிருந்தது. சிமென்ட்டார் தரப்பு மேசையைத் தட்டியது. சட்டத்தைக் கைவிடும் தீர்மானத்தில் கையெழுத்துப் போட, தலைவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

தையல்காரி கையைத் தூக்கினாள்.

"கேள்வி கேட்டால்தான் சாட்சி பேசலாம்," என்றார் செயலாளர்.

ஓரத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அதிகாரி எழுந்தார். "ஐயா, சாட்சியை ஒரு கேள்வி கேக்க அனுமதி வேணும்."

"கேளுங்க."

"மேடம், ஏதாவது சொல்லணுமா?"

"ஆமா தம்பி." அவள் தலைவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, எங்க வீட்டுல ஒரு ஃபேன் காலையில ஒன்பதுலேருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் ஓடுது. அது எனக்கு இல்ல. எனக்கு ஃபேன் போட்டா துணி பறக்கும். அது இந்தத் தம்பிக்காக ஓடுது. இவருக்கு ரெண்டு வேளை டீ. இவர் அளக்கற கருவி நாள் முழுக்க எங்க பிளக்லதான் சொருகியிருக்கு. வானம் மூடினா இவருக்கு லைட்டு. அவர் மேல தப்பு இல்ல, எதையும் அவர் வாய் விட்டுக் கேட்டதில்ல. ஆனா என் நாத்தனாரைப் பன்னெண்டு நாள் வெளிய அனுப்பிட்டு, அந்த இடத்துல உங்க ஆளைக் கொண்டுவந்து உக்கார வெச்சிருக்கீங்க. அவரைக் கழிச்சுட்டுக் கூட்டிப் பாருங்க."

செயலாளர் கூட்டிப் பார்த்தார். இரண்டு முறை கூட்டினார். "பூஜ்யம் புள்ளி ஏழு," என்றார் சின்னக் குரலில்.

இப்போது மேசையைத் தட்டியது மரக்கன்றார் தரப்பு. சிமென்ட்டார், அதிகாரி குடித்த டீயும் தேசத்தின் டீதான் என்றார். தலைவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அளக்கறதாலதான் செலவு ஏறுதுன்னா, அளக்காம இருக்கணும். அளக்கலைன்னா, ஏறலைன்னு எப்படித் தெரியும்?" யாரிடமும் பதில் இல்லாததால் இதை இரண்டு நாள் விவாதித்தார்கள். அதிகாரியைக் குடும்ப உறுப்பினராகவே சேர்த்துவிட்டு நாத்தனாரை முழுசாக நீக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. "என்னைக் கட்டிக் குடுக்கவே எங்க அண்ணன் இவ்வளவு பாடுபடல," என்று பார்வையாளர் வரிசையிலிருந்து நாத்தனார் சொன்னாள். அவளை வெளியேற்றினார்கள். பத்து மாதமாக வெளியேறிப் பழகியவள் ஆனதால் அவள் சிரமப்படவில்லை.

மூன்றாம் நாள் ஒரு வழி பிறந்தது. வீட்டில் ஆட்கள் இருப்பதால்தான் இத்தனை குழப்பமும் என்று நிபுணர் நிரூபித்தார். எனவே இனிமேல் ஆள் இல்லாத ஒரு வீடு சராசரிக் குடும்பமாக இருக்கும். அங்கே செலவு ஏறவே ஏறாது என்பதால் சட்டம் என்றைக்கும் ஆபத்தில்லாமல் நிலைக்கும். மரக்கன்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிமென்ட்டார் எதிர்க்கவில்லை. சட்டம் வரும்போது கட்டி முடியாத ஆலைகளுக்குச் சட்டம் பொருந்தாது என்று ஒரு வரி அன்று காலைதான் சேர்ந்திருந்தது. அவருடைய ஐந்து ஆலைகளும் பழையவை. ஆறாவது ஆலை அந்த ஐந்தையும்விடப் பெரியது.

சட்டம் நிறைவேறியது. ஒரு நல்ல தெருவில், பூட்டிய வீடு ஒன்றின் வாசலில், நாற்காலி தன் நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். தினமும் மாலை ஐந்து மணிக்கு 'மாற்றம் இல்லை' என்று எழுதினார். பழைய ஆலைகள் பணம் கட்டப் பயந்து புகையைக் கொஞ்சம் குறைத்தன. தையல்காரி வெள்ளைத் துணியை ஒரு தடவை உதறினால் போதும் என்றானது. நாத்தனார் விடுதியைக் காலி செய்துவிட்டு மாதம் முப்பது நாளும் வீட்டில் இருந்து, எல்லோரையும் முப்பது நாளும் திட்டினாள். பெண் குழந்தை பிறந்தது.

குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனபோது, தலைவர் இரண்டு புகைப்படக்காரர்களோடு அந்த வீட்டுக்கு வந்தார். முன்னாள் சராசரிக் குடும்பத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார். தையல்காரி அப்போது ஒரு கல்யாண மண்டபத்துக்கான துணிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். படம் எடுத்து முடித்து மற்றவர்கள் வெளியே போனதும் தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேக்கட்டுமா அம்மா? குழுவுல யாரும் இதைக் கேக்கல. எனக்கு மட்டும் ரெண்டு வருஷமா மனசுல உறுத்துது. நெஜமாவே மக்கள் தாங்குவாங்களா?"

தையல்காரி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தாள். அவசரப்படாமல், துணியை அளப்பது போலவே யோசித்தாள்.

"மாசம் ஒரு நூல்கண்டு விலை கூடுது ஐயா. துணி அழுக்காகாம இருக்கு. குழந்தைக்கு இருமல் இல்ல. சட்டத்தைத் தாங்கிக்கலாம்."

தலைவருக்குக் கண் கலங்கியது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "இதை அப்படியே எழுத்துல வாங்கிடணும்மா. பெருசா ஒண்ணும் வேண்டாம். ஒரு சின்னக் குழு. ஒரே ஒரு ஆளை அனுப்பறேன், ஒரு ஓரமா உக்காந்து..."

"உங்களைத்தான் ஐயா தாங்க முடியல," என்றாள் தையல்காரி.

தலைவர் அதையும் குறித்துக்கொண்டார்.